வேர் தேடிய கேமரா – 9: செங்கல் சுவரில் ஒரு படம்

டேவி சூ பிரான்ஸில் 1983-இல் பிறந்தவர். அவருடைய தாத்தா வான் சான், 1960-களில் கம்போடிய சினிமாவின் முக்கியமான தயாரிப்பாளர்களில் ஒருவர். பேரனுக்கு இது வளர்ந்த பிறகுதான் தெரியவந்தது. சரி, அந்தக் காலத்துப் படங்களைப் பார்க்கலாம் என்றால் படங்கள் இருக்க வேண்டுமே!

1960-க்கும் 1975-க்கும் இடையே கம்போடியாவில் சுமார் 400 படங்கள் வந்தன. நாகமும் அரக்கியும் இளவரசனும் வரும் கதைகள். நம் விட்டலாச்சாரியா ரசிகர்கள் உடனே ஒட்டிக்கொள்வார்கள். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் கிளர்ச்சிப் படை தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தது. ஊரையே காலிசெய்து மக்களை வயல்களுக்கு விரட்டியது. அடுத்த நான்கே ஆண்டுகளுக்குள் 15 முதல் 20 லட்சம் பேர் மாண்டார்கள். நடிகர்களும் இயக்குநர்களும் அதில் அடக்கம். 400 படங்களில் இன்று மிஞ்சியவை முப்பது சொச்சம்.

2009-இல் டேவி சூ புனோம் பென்னுக்குப் போய்த் தங்கினார். அப்படி உருவானதுதான் 2011-இல் வெளிவந்த ‘கோல்டன் ஸ்லம்பர்ஸ்’ ஆவணப்படம்.

நானாக இருந்தால், கிடைத்த முப்பது படங்களிலிருந்து நல்ல காட்சிகளாகப் பொறுக்கி முதல் நிமிடத்திலேயே வைத்திருப்பேன். அவர் அதைச் செய்யவில்லை. பழைய படத்தின் காட்சி எதையும் முடிவு வரும்வரை கண்ணில் காட்டுவதில்லை. உயிர்தப்பியவர்களைப் பேசவிடுகிறார், அவ்வளவுதான். இயக்குநர் லி புன் யிம் தன் படக் காட்சிகளைச் சொல்லும்போது முகமும் கையும் சேர்ந்து நடிக்கின்றன. ‘பாம்பு மனிதன்’ படத்தின் நாயகி டி சவெத், தன் பழைய புகைப்படங்கள் நிறைந்த சுவரின் முன் நிற்கிறார். பாடகர் சின் சிசமூத் அந்த ஆட்சியில் கொல்லப்பட்டதாகச் சொல்கிறார்கள். அவர் பாடிய பாட்டுகள் மட்டும் ஒலிக்கின்றன. டவுனுக்குப் போய்ப் படம் பார்த்துவந்தவர் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்ல, வாய்பிளந்து கேட்ட தலைமுறைக்கு இந்த முறை புதிதல்ல. சொல்பவர் வாயிலேயே படம் ஓடும்.

ஓர் இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். அந்நாளைய ரசிகர் ஒருவர் பேசுகிறார். இறந்துபோன தன் குடும்பத்தாரின் முகம் நினைவில் மங்கிவிட்டது, நட்சத்திரங்களின் முகம் மட்டும் மறக்கவில்லை என்கிறார். பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள் முகத்துக்கு ஒரு போட்டோகூட மிஞ்சாத நாட்டில், சினிமா முகம் யாருக்கெல்லாம் உறவாகிவிடுகிறது! சொந்தத் தாத்தாவைத் தேடி வந்த ஒரு பேரன் தாத்தாவின் கதையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இந்த ரசிகருக்கு ஏன் இடம் கொடுத்தார் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

நம் பக்கமும் இந்த இழப்பு உண்டு. நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இன்று யாரும் பார்க்க முடியாத படம். ஆனால் நாம் அசட்டையால் தொலைத்தோம், அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மனம் வரவில்லை.

டேவி சூ அதோடு ஊர் திரும்பிவிடவில்லை. அங்கே சில இளைஞர்களோடு சேர்ந்து 2014-இல் ‘ஆன்டி-ஆர்கைவ்’ என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களில் ஒருவரான கவிச் நியாங் பின்னாளில் எடுத்த ‘ஒயிட் பில்டிங்’ 2021-இல் வெனிஸ் விழாவுக்குப் போனது. தாத்தா செய்த தொழிலைப் பேரன் அதே மண்ணில் செய்கிறார்.

மீண்டும் ஆவணப்படத்துக்கு வருகிறேன். அது எடுக்கப்பட்டபோது, புனோம் பென்னின் ஹேமாக்சித் திரையரங்கம் ஏழைக் குடும்பங்கள் அண்டி வாழ்ந்த இடம். படத்தில் பார்த்தால், நாற்காலிகள் இல்லை, இருட்டில் அடுப்பு எரிகிறது, குழந்தைகள் ஓடுகிறார்கள். ஆவணப்படத்தின் முடிவில், மிஞ்சிய படங்களின் துண்டுகள் ஒரு செங்கல் சுவரில் விழுகின்றன. அதுவரை காதால் மட்டும் கேட்ட முகங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. செங்கல்லின் கோடுகள் அந்த முகங்களுக்குள் அப்படியே தெரிகின்றன.

(தேடல் தொடரும்)