எஞ்சின் ஏன் இயங்கவில்லை?

காலை வேளையில் மோட்டார் வண்டி கிளம்ப மறுத்தால், அனுபவமுள்ள மெக்கானிக் எடுத்த எடுப்பில் ஸ்பானரைத் தொடுவதில்லை. சாவியைத் திருப்பச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்கிறார். ஸ்டார்ட்டர் சுழலவே இல்லையாயின் முதற் சந்தேகம் பாட்டரியின் மீதும் அதன் முனைகளின் மீதும் விழும். அது நன்கு சுழன்றும் எஞ்சின் பற்றவில்லையாயின், அவர் மனத்தில் எழுவது ஒரே வினாதான்: வராமல் நிற்பது மின்பொறியா, பெட்ரோலா? இவ்விரண்டில் ஒன்றை விலக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மற்றவை எல்லாம் பொறுமையின் பாற்பட்டவை.

இதே வினா, திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் உள்ள திரவ உந்து அமைப்புகள் மையத்தில் உருவான ஓர் எஞ்சினைக் குறித்து இருமுறை எழுந்தது. ஆனால் அந்த எஞ்சினைத் திறந்து பார்க்க வழியில்லை. இருமுறையும் அது கடலுக்குள் போய்விட்டது.

திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்ஸிஜனையும் எரித்து இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சின் அது. ஆக்ஸிஜன் திரவமாக நிற்க வேண்டுமானால் சுமார் மைனஸ் 183 சென்டிகிரேட் டிகிரி குளிர் தேவை. ஹைட்ரஜனுக்கோ மைனஸ் 253 டிகிரி. ஹைட்ரஜன் தொட்டியில் ஒரு சிறு பம்பு உண்டு. அது திரவத்தைச் சற்று அழுத்தி, எஞ்சினின் பெரிய டர்போ பம்புக்கு ஊட்டுகிறது. இக்காலத்து மோட்டார் வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் மின்சாரப் பம்பை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று.

2010 ஏப்ரல் 15 மாலை 4.27 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி.-டி3 ராக்கெட் ஜிசாட்-4 என்னும் செயற்கைக் கோளுடன் எழுந்தது. உள்நாட்டில் செய்யப்பட்ட கிரையோஜெனிக் எஞ்சினுக்கு அதுவே முதற் பயணம். 293 விநாடிகள் வரை யாவும் கணக்குப்படியே நடந்தன. அதன் பின் எஞ்சினின் முறை வந்தது. ராக்கெட் வேகம் பெறாமல் வீழ்ந்தது.

நிபுணர்களிடம் எஞ்சியிருந்தவை வானொலி வழியே வந்து சேர்ந்த அளவைகள் மட்டுமே. அவற்றை மெக்கானிக்கின் முறையிலேயே ஆராய்ந்தனர் எனலாம். எஞ்சின் பற்றியதா? பற்றியது. தொடங்கிய பின் 2.2 விநாடி வரை ராக்கெட்டின் முடுக்கம் முந்தைய பயணங்களை ஒத்திருந்தது. ஆகவே ‘பொறி’ குற்றமற்றது. எனில் எரிபொருள்? முதன்மை எஞ்சினுக்குத் திரவ ஹைட்ரஜன் வந்து சேரவில்லை. தொட்டிப் பம்பு நிமிடத்துக்கு 34,800 சுற்று வரை சரியாகவே சுழன்றது. எஞ்சின் தொடங்கி 0.9 விநாடியில் அதன் வேகம் சரியத் தொடங்கி, அடுத்த 0.6 விநாடிக்குள் நின்றேவிட்டது.

பம்பு நின்றது ஏன்? ஒரு சீல் இறுகிச் சுழலியைப் பிடித்திருக்கலாம். அல்லது அழுத்தமும் வெப்பத் தகைவும் மிகுந்து டர்பைன் உறை பிளந்திருக்கலாம். ஆய்வுக் குழு ஒன்றைத் தேர்ந்து அதன்மேல் பழி சுமத்தாமல் இரண்டையும் எழுதி வைத்தது பாராட்டத் தக்கது. சாதாரண அறை வெப்பநிலையிலிருந்து திரவ ஹைட்ரஜனின் குளிருக்குக் கொண்டு சென்றால், ஒரு மீட்டர் நீள அலுமினியம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் சுருங்கும். துருப்பிடிக்காத எஃகு சுமார் 3 மில்லிமீட்டரே சுருங்கும். மயிரிழை இடைவெளியில் சுழலும் பாகங்களுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. எனவே தாங்கிகளும் உறையும் சுருங்கி விரிவதற்கு இடங்கொடுக்கும் வகையில் பம்பின் அமைப்பு திருத்தப்பட்டது. பற்றவைக்கும் வரிசைமுறையும் மாற்றப்பட்டது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில், வான்வெளியின் வெற்றிடத்தை ஒத்த சூழலில் எஞ்சினைப் பற்றவைத்துப் பார்த்தனர். 2013 ஆகஸ்டு 19-இல் இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிந்ததால் ஏவுதலை நிறுத்தினர். 2014 ஜனவரி 5-இல் எஞ்சின் குறையின்றி இயங்கிற்று.

திருத்திய பம்பு பல பயணங்களில் பழுதின்றி உழைத்த பிறகு, 2021 ஆகஸ்டு 12 விடியற்காலை 5.43 மணிக்கு ஈ.ஓ.எஸ்.-03 கோளுடன் கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி.-எஃப்10 பயணத்தில் மீண்டும் தோல்வி. எஞ்சின் இயங்கத் தொடங்க வேண்டிய வேளையில் அது இயங்கவில்லை. இம்முறையும் பம்பின் நடத்தை பிசகியிருந்தது. முன்பு குற்றவாளிக் கூண்டில் நின்றவன்மீதே மறுபடியும் விரல் நீட்டுவது எளிது. அளவைகளோ வேறு கதை கூறின: ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தம் குறைந்திருந்தது. மிகையான அழுத்தத்தை வெளியேற்றுவதற்காக வைத்த வால்வே கசிந்திருக்க வேண்டும் எனக் குழு முடிவு செய்தது. மாசு படிந்தோ, கடுங்குளிரில் வால்வைப் பொருத்திய இடத்தில் ஏற்பட்ட தகைவாலோ அதன் மென்மையான சீல் பழுதுபட்டிருக்கலாம்.

அழுத்தம் குறைந்தால் பம்புக்கு என்ன? கொதிநிலையின் விளிம்பில் நிற்கும் திரவம், அழுத்தம் தளர்ந்ததும் கொதிக்க முற்படும். ஆவியை இழுக்கும் பம்பு சுழன்றாலும் போதிய திரவத்தைத் தள்ளாது. பழைய மோட்டார் வண்டிகள் கோடையில் மலைப்பாதை ஏறி நின்றுவிட்டால், ஓட்டுநர் பெட்ரோல் குழாயின்மேல் ஈரத் துணியைச் சுற்றிக் காத்திருப்பார். மெக்கானிக்குகள் ‘வேப்பர் லாக்’ என்னும் இக்கோளாறு இதற்கு நெருங்கிய உறவு. அங்கே வெப்பம் மிகுந்தது. இங்கே அழுத்தம் குறைந்தது. வகுப்பில் இதைக் காட்ட ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று போதும். அதில் சிறிதளவு சூடான நீரை எடுத்து, காற்றை வெளியேற்றி, நுனியை விரலால் அடைத்துத் தண்டைப் பின்னுக்கு இழுத்தால், அடுப்பின்றியே நீர் கொதித்துக் குமிழியிடும். கை சுடாத அளவுக்கே நீரைச் சூடாக்குதல் வேண்டும்.

எஞ்சின் இயங்குவதற்கு முன் தொட்டியின் அழுத்தத்தை உரிய நேரத்தில் உயர்த்தும் தனி ஏற்பாடு, வால்வையும் அதனைச் சார்ந்த குழாய்களையும் கசியாதவாறு வலுப்படுத்தல், புறப்பட அனுமதி தருமுன் மேலும் பல அளவைகளைத் தானாகவே கண்காணித்தல் ஆகியவற்றைக் குழு பரிந்துரைத்தது. 2023 மே 29-இல் என்.வி.எஸ்.-01 கோளைச் சுமந்து அடுத்த ஜி.எஸ்.எல்.வி. எழுந்தது. இம்முறை எஞ்சின் பற்றியது; கோளும் உரிய பாதையில் சேர்ந்தது.