புதையலும் உலோகங்காட்டியும்

'புதை' என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் 'புதையல்'. மண்ணுள் மறைந்த பொருள் என்பதற்கு மேல் அச்சொல் எதுவும் கூறுவதில்லை. பொன்னா இரும்பா என்பதை நாமே தேடி அறிய வேண்டும். மெட்டல் டிடெக்டர் என்று கடைகளில் விற்கப்படும் கருவியின் இயல்பும் ஏறத்தாழ இதுவே. இவ்வுரையில் அதனை உலோகங்காட்டி என வழங்குவோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதனைப் பொழுதுபோக்காகக் கையாள விரும்புவோர் முதலிற் கேட்கும் வினா, "எக்கருவி மிக ஆழமாகக் காணும்?" என்பதாகும். அவ்வினாவுக்கு விடை காண்பதோடு, அதனினும் முந்தியதொரு வினாவையும் இங்கு எழுப்ப விழைகிறோம்.

எல்லா உலோகங்காட்டிகளுக்கும் அடிப்படை ஒன்றே. கம்பிச் சுருளில் மாறும் மின்னோட்டம் பாய்ந்தால் அதனைச் சுற்றி மாறும் காந்தப்புலம் தோன்றும். அப்புலம் தொடும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும். அது தன் பங்கிற்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். அச்சிறு புலத்தை உணர்ந்து கருவி ஒலி எழுப்புகிறது.

இவ்வகைக் கருவிகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இடையறாது இயங்குவது. இரும்பையும் பிற உலோகங்களையும் ஓரளவு பிரித்தறிவது இதன் சிறப்பு. ஒரு நாணயத்தைச் சுமார் 20 முதல் 30 செண்டிமீட்டர் ஆழம் வரை காணும். இரண்டாவது, துடிப்பு வகை. குறுகிய மின்துடிப்பை விடுத்து, அது அடங்கியபின் மண்ணிலிருந்து மீளும் எதிர்வினையை அளப்பது. உப்பு ஊறிய மணலிலும் இரும்புத் தாது மிக்க செம்மண்ணிலும் இது தடுமாறுவது குறைவு. ஆனால் ஆணிக்கும் காசுக்கும் வேறுபாடு காண்பதில் பின்தங்கும். மூன்றாவது, இரட்டைப் பெட்டி வகை. ஒரு கோலின் இரு முனைகளிலும், ஏறக்குறைய ஒரு மீட்டர் இடைவெளியில், விடுக்கும் பெட்டியும் ஏற்கும் பெட்டியும் அமைந்திருக்கும். காசு போன்ற சிறு பொருளை இது பொருட்படுத்தாது. குடம், பெட்டி போன்ற பெரும்பொருளை ஒரு மீட்டருக்கு அப்பாலும் உணரும்.

ஆழத்திற்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்துள்ளது. சிறு பொருளொன்றிலிருந்து மீளும் குறிப்பு, தொலைவின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். ஆழம் இருமடங்கானால் குறிப்பு 64-இல் ஒரு பங்காகிவிடும். 'இருமடங்கு ஆழம்' என்னும் விளம்பரத்தை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. பல நூறு மீட்டர் தொலைவிலிருந்தே பொன்னைச் சுட்டும் என விற்கப்படும் கோல்களுக்கோ அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. ஏடிஇ 651 என்னும் போலிக் கருவி வெடிகுண்டைக் காணும் எனப் பல நாடுகளுக்கு விற்கப்பட்டது. கோல்ப் பந்து தேடும் விளையாட்டுப் பொருளை ஒட்டியே அது உருவாக்கப்பட்டது. அதனை விற்ற பிரிட்டிஷ் வணிகருக்கு 2013-இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆகவே, நிலத்தை நோக்கியே கருவியைத் தேர வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் ஒரு காலத்தில் செங்கற் சூளைகளும் பின்னர் இரயில்வே பணிமனைகளும் நிறைந்திருந்த இடம்; இரும்புத் துண்டுகள் மலிந்த அத்தகைய மண்ணுக்கு முதல் வகை ஏற்றது. கிள்ளானை ஒட்டிய கடற்கரைக்கு இரண்டாம் வகை பொருந்தும்.

இனி, முந்திய வினாவுக்கு வருவோம்: கண்டதைத் தோண்டலாமா?

கிள்ளானுக்குத் தெற்கே, பந்திங் வட்டாரத்துக் கம்போங் சுங்கை லாங்கில் 1964-இல் இரண்டு வெண்கல முரசுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. வியட்நாமின் டோங் சோன் பண்பாட்டைச் சார்ந்தவை அவை. முரசுகளுக்கு அடியில் ஒரு மரப்பலகை இருந்தது. கரிமக் காலக்கணிப்புக்கு வழிவகுத்தது அப்பலகையே. உலோகங்காட்டி அங்கு சென்றிருந்தால் வெண்கலத்திற்கு ஒலித்திருக்கும், மரத்திற்கு ஒலித்திராது. அவசரமாகத் தோண்டியவர் முரசைத் தூக்கிக்கொண்டு பலகையை உடைத்தெறிந்திருப்பார். முரசு மிஞ்சியிருக்கும், அதன் காலம் மறைந்திருக்கும். கிள்ளானில் கிடைத்துப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்று உள்ள பழைய வெண்கல மணியின் காலம் பல நூற்றாண்டு இடைவெளியோடு மதிப்பிடப்படுவதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

சட்டமும் இதனையே வலியுறுத்துகிறது. 1957-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தையும் 1976-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தையும் நீக்கி வந்தது, 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம். தொல்பொருள் தேடி அகழ்வதற்கு உரிமம் வேண்டும்; தற்செயலாகக் கண்டவரும் அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும்.

உயிருக்கு அஞ்ச வேண்டிய காரணமும் உண்டு. 1945 மார்ச்சில் பிரிக்பீல்ட்ஸ் இரயில் முற்றத்தைக் குறிவைத்த நேச நாட்டு விமானங்களின் குண்டுகள் சிலாங்கூர் அருங்காட்சியகத்தைச் சிதைத்தன. அவ்விடத்தில்தான் 1963 முதல் தேசிய அருங்காட்சியகம் நிற்கிறது. போர்க்காலக் குண்டுகளுள் வெடிக்காதவை மண்ணுள் கிடக்கக்கூடும். பெரிய, ஆழமான ஒலி கேட்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காவல் நிலையத்திற்குத் தெரிவிப்பதே அறிவுடைமை.

ஆசிரியர்கள் பள்ளியிலேயே இதனைச் சோதனையாக நடத்தலாம். மணல் நிரப்பிய தொட்டியில் காசு, ஆணி, தகரக் குவளை, மரத்துண்டு ஆகியவற்றை வெவ்வேறு ஆழங்களில் புதைத்து, மாணவர் ஒவ்வோர் ஒலியையும் இடத்தையும் ஆழத்தையும் குறிப்பேட்டில் பதிவு செய்யட்டும். பின் ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்க்கட்டும். கருவி காணாது விட்ட மரத்துண்டு வெளிப்படும்போது, சுங்கை லாங் பலகையின் மதிப்பு அவர்களுக்கு விளங்கும்.