ஃபைல் ஏற்றினால் டியூனிங் முடிந்ததா?

இன்ஜினை இறக்கி, போர் அடித்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு ஏற்றியதுமே பலருக்கும் அடுத்த ஆசை வந்துவிடுகிறது: அப்படியே இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவையும் ரிமேப் பண்ணி, அதன் அட்டவணைகளை மாற்றி எழுதிவிட்டால் என்ன? பாகங்கள் கம்பெனி அளவிலேயே இருந்தால் அதற்குத் தேவையே இல்லை. தேய்ந்த இன்ஜினுக்கு ஏற்ப இசியு சேர்த்து வைத்திருந்த திருத்தங்களை ஸ்கேனர் போட்டு அழித்துவிட்டு, ரன்னிங்-இன் முடியும் வரை நிதானமாக ஓட்டினால் போதும். பெரிய இன்ஜெக்டர், பெரிய டர்போ, வேறு கேம்ஷாஃப்ட், கூட்டிய கம்ப்ரஷன் என்று ஏதாவது மாறியிருந்தால்தான் டியூனிங் கட்டாயம். அப்போதும் அதன் முதல் வேலை பவரைக் கூட்டுவதல்ல; மாறிப்போன இன்ஜினின் சரியான அளவுகளை இசியுவுக்குத் தெரிவிப்பது. அந்த அளவுகளை அந்த வண்டியில்தான் எடுக்க முடியும். ‘அரை மணி நேரத்துல முப்பது பிஹெச்பி ஏறிடும் சார்’ என்று விற்கப்படும் ஃபைலில் இல்லாதது அதுதான்.

இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பது இசியுவுக்கு நேரடியாகத் தெரியாது. ஏர் ஃப்ளோ சென்சார் அனுப்பும் சிக்னலை, தொழிற்சாலையில் எழுதிய அட்டவணையோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறது. 60 மில்லிமீட்டர் குழாயில் இருந்த அதே சென்சாரை 70 மில்லிமீட்டர் குழாயில் பொருத்தினால் என்ன ஆகும்? குறுக்குப் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. அதே காற்று மெதுவாகக் கடக்கிறது. உண்மையில் போகும் காற்றில் முக்கால் பங்குக்கும் குறைவாகவே இசியு கணக்கெடுக்கிறது. பெட்ரோலும் அந்த அளவுக்கே குறைகிறது. இன்ஜெக்டர் மாற்றினால் இதற்கு நேர் எதிர். நிமிடத்துக்கு 300 சிசி ஊற்றியதை எடுத்துவிட்டு 450 சிசி போட்டால், அதே திறப்பு நேரத்தில் ஒன்றரை மடங்கு பெட்ரோல் இறங்கும். புதிய கொள்ளளவை மட்டும் எழுதிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தால் ஐடிலிங்கில் மாட்டிக்கொள்வீர்கள். மின்சாரம் கிடைத்த பிறகு இன்ஜெக்டர் வாய் திறக்க ஏறத்தாழ ஒரு மில்லி செகண்ட் ஆகிறது; பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் அது இன்னும் நீள்கிறது. ஐடிலிங்கில் மொத்தத் திறப்பே இரண்டு மூன்று மில்லி செகண்ட்தான் என்பதால், இந்தத் தாமதத்தில் சிறு பிழை இருந்தாலும் ஆர்பிஎம் ஏறி இறங்கித் தள்ளாடும். சிக்னலில் ஏசியைப் போட்டதும் வண்டி அணைந்துபோகும்.

‘இந்தக் காலத்து இசியு தானே கற்றுக்கொள்ளுமே’ என்பார்கள். கற்றுக்கொள்ளும், ஓர் எல்லை வரை. ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து அது செய்யும் திருத்தம் பொதுவாக 25 சதவீதத்தைத் தாண்டாது; அதைத் தாண்டினால் செக் இன்ஜின் விளக்கு எரியும். மேலும், பழைய கார்களில் இருக்கும் சாதாரண ஆக்ஸிஜன் சென்சாருக்கு, கலவை (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் எத்தனை பங்கு காற்று என்ற விகிதம்) 14.7-க்கு மேலா கீழா என்று மட்டுமே சொல்லத் தெரியும். முழு ஆக்ஸிலரேட்டரில் பெட்ரோல் இன்ஜினுக்கு வேண்டியது 12.5 முதல் 13 வரையிலான கலவை. அங்கே அந்த சென்சாரால் பயனில்லை. இசியு அட்டவணையை நம்பியே ஓடுகிறது. பிஸ்டன் உருகுவதும் அங்கேதான். வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் டைனோவில், விகிதத்தை எண்ணாகவே சொல்லும் வைட்பேண்ட் சென்சாரை மாட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

இக்னிஷன் டைமிங்கிலும் இதே கதை. ஆர்பிஎம்மை ஒரே இடத்தில் நிறுத்தி, டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக முன்னே நகர்த்தினால் டார்க் ஏறிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் நகர்த்துவதில் லாபம் இல்லை, கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிக்கும் நாக்கிங் அபாயம்தான் கூடும். கம்ப்ரஷனைக் கூட்டிய இன்ஜினிலோ அந்த உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே நாக்கிங் வந்துவிடலாம். ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டவர்களுக்கு இன்னொரு தலைவலி. நாக் சென்சார் என்பது பிளாக்கில் முறுக்கிய ஒரு மைக், அவ்வளவுதான். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரிவதால் கூடுதல் இடைவெளி விட்டுப் போடுவார்கள். இன்ஜின் சூடேறும் வரை அது சுவரில் தட்டும். அதை நாக்கிங் என்று எண்ணி இசியு டைமிங்கைப் பின்னே இழுக்கும், பிக்கப் போய்விடும். தட்டும் சத்தத்தையும் நாக்கிங்கையும் பிரித்துக் கேட்டு வரம்பைத் திருத்துவதுதான் முறை. சென்சாரையே செவிடாக்கிவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்று சாவியை நீட்டுவது அயோக்கியத்தனம்.

‘நண்பனின் காரில் இதே ஃபைல் நன்றாக ஓடுகிறது’ என்ற வாதமும் உண்டு. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் 75 குதிரைத்திறனிலும் 90 குதிரைத்திறனிலும் இங்கே விற்றது. இரண்டும் 1,248 சிசி என்பதால், வித்தியாசம் வெறும் சாஃப்ட்வேர் என்று நம்பியவர்கள் ஏராளம். 90-இல் இருந்த டர்போவே வேறு, வேரியபிள் ஜியோமெட்ரி. பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளையும் பார்க்க வேண்டும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7 என்றால், 20 சதவீத எத்தனால் கலந்த நம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5. வெளிநாட்டுப் பெட்ரோலுக்கு எழுதிய ஃபைலுக்கு இது தெரியாது. கம்பெனிகள் கொஞ்சம் பவரை இருப்பில் விட்டுவைக்கின்றன என்பது உண்மைதான். கை வைக்காத டர்போ இன்ஜினில் அளவான ரிமேப் பலன் தருகிறது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இருப்பு சும்மா விட்டது அல்ல. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு. அங்கே அதே பூஸ்ட் தர டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். மே மாத வெயில், மோசமான பெட்ரோல், பத்து வருட உழைப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்தது அது. இன்ஜினின் பாகங்களையே மாற்றிவிட்ட பிறகு எவ்வளவு மிச்சம் என்பதை மறுபடி அளந்தால்தான் தெரியும்.

ஆகவே டியூனரிடம் எத்தனை குதிரைத்திறன் கூடும் என்று கேட்காதீர்கள். முழு ஆக்ஸிலரேட்டரில் எடுத்த கலவைப் பதிவு, நாக் பதிவு, பழைய ஒரிஜினல் ஃபைலின் நகல், இந்த மூன்றையும் கையில் கொடுப்பாரா என்று கேளுங்கள். தயங்கினால், பணம் கட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.