செல்போன் டவர் செயலிழந்தாலும் பேசலாம்... காரில் ஹாம் ரேடியோ வைக்க என்ன செய்ய வேண்டும்?

புயல், வெள்ளத்தில் செல்போன் டவர்கள் செயலிழந்தால் கைகொடுப்பது ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி. 2004 சுனாமியின்போது அந்தமானில் இருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழுவினர், அங்கிருந்து வெளியுலகத்துக்குத் தகவல் அனுப்பினர். இதைக் காரிலும் வைத்துக்கொள்ளலாம்.

கார் செட்டில் என்ன ஸ்பெஷல்?

கையடக்க செட் பெரும்பாலும் 5 வாட்தான். கார் செட் 50 வாட் வரை தரும். ஆனால், பேசும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகிட்டா போதும்னு நினைக்காதீங்க. பேட்டரியில் இருந்து நேரடியாக, ஃபியூஸ் போட்டு வயர் இழுக்க வேண்டும்.

144-146 மெகாஹெர்ட்ஸில் பேச, கூரையில் அரை மீட்டர் ஆன்டெனா போதும். ஆன்டெனா மாட்டாமல் பேசினால் செட்டே பழுதாகலாம்.

லைசென்ஸ் கட்டாயமா?

ஆமாம். ஆன்லைன்ல ஈஸியா கிடைக்குதேன்னு வாங்கி, லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தினால் சட்டப்படி குற்றம். 12 வயது நிரம்பியவர்கள் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என இரண்டு நிலைகள் உண்டு. தேர்ச்சி பெற்று லைசென்ஸ் வாங்கினால், உங்களுக்கென தனி அழைப்புக் குறியீடு கிடைக்கும்.

எதைப் பேசக்கூடாது?

வியாபாரம் பேசக்கூடாது. ரகசியமும் வேண்டாம், அதே அலைவரிசையில் இருக்கும் யாரும் கேட்கலாம்.

முக்கியமாக, லைசென்ஸ் கைக்கு வர நாளாகும், பேசிப் பழகவும் நாளாகும். மழைக்காலம் தொடங்கிய பிறகு யோசித்தால் லேட்!