அளவுநாடா காட்டும் உண்மை

மெலிவே ஏழைகளின் குறை என நெடுங்காலம் கருதி வந்தோம். மும்பையில், செம்பூரை அடுத்த தேவனாரிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிலையம் நடத்திய தேசியக் குடும்ப நல ஆய்வு வேறொன்றையும் காட்டுகிறது. நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில், உயரத்திற்கு மிஞ்சிய எடையுள்ளோர் 2005-06இல் 100க்கு 13 பேர். 2019-21இல் 24 பேர்.

தாராவியில் நாள் முழுதும் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருப்பவர் செலவிடும் சக்தி குறைவு. மலிவாய்க் கிடைக்கும் வடாபாவிலோ மாவும் எண்ணெயுமே மிகுதி. எஞ்சிய சக்தி கொழுப்பாகிறது. நம்மவரிடையே கைகால் மெலிந்திருப்பினும் வயிறு பருப்பதுண்டு. எடையை மட்டும் நோக்கின் இது புலப்படாது.

ஆகவே அளவுநாடாவையும் உடன் கொள்க. இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90, கருவுற்றோர் நீங்கலான பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரைக் கடப்பின், நீரிழிவு, இரத்த அழுத்தச் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். மெலிந்த குழந்தையும் பருத்த தாயும் ஒரே வீட்டில் இருத்தல் கூடும். இருவரையும் அளந்தறிதல் நம் கடமையாகும்.