ஜிஎஸ்டி கவுன்சிலில் மாநிலங்களின் பலம் எவ்வளவு?

ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசு தனித்து ஒரு வரி விகிதத்தை மாற்ற முடியுமா? மாநிலங்கள் அனைத்தும் ஒன்றுசேர்ந்தால் மத்திய அரசின் விருப்பத்துக்கு மாறாக முடிவெடுக்க முடியுமா? இரண்டு கேள்விகளுக்கும் 'முடியாது' என்பதே கவுன்சிலின் வாக்கு விதிகள் தரும் பதில்.

2016-ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட 101-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தத்தின் மூலம் 279ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, ஜிஎஸ்டி கவுன்சில் உருவானது. மத்திய நிதியமைச்சர் இதன் தலைவர். மாநிலங்கள் மற்றும் சட்டப்பேரவை உள்ள யூனியன் பிரதேசங்களின் அமைச்சர்கள் உறுப்பினர்கள். 2017, ஜூலை 1-இல் ஜிஎஸ்டி அமலானபோது மாநிலங்களின் வாட், மத்திய அரசின் கலால் வரி, சேவை வரி உள்ளிட்ட பல வரிகள் இதில் இணைந்தன.

வாக்குக் கணக்கு

மொத்த வாக்கு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கும், மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுக்கும் உண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு, அதாவது 75 சதவீத ஆதரவு வேண்டும். மாநிலங்கள் அனைத்தும் சேர்ந்தாலும் 66.7 சதவீதமே கிடைக்கும்.

28 மாநிலங்களும் தில்லி, புதுச்சேரி, ஜம்மு-காஷ்மீரும் வாக்களித்தால், ஒவ்வொன்றின் வாக்கு மதிப்பு ஏறத்தாழ 2.15 சதவீதம். எனவே, மத்திய அரசுக்கு குறைந்தது 20 உறுப்பினர்களின் ஆதரவு தேவை. 12 பேர் எதிர்த்தால் தீர்மானம் தோற்கும். மக்கள்தொகையில் மிகப்பெரிய உத்தர பிரதேசத்துக்கும் சிறிய சிக்கிமுக்கும் வாக்கு மதிப்பு ஒன்றே.

நடைமுறையில் பெரும்பாலான முடிவுகள் ஒருமித்த கருத்துடனேயே எடுக்கப்படுகின்றன. லாட்டரி மீதான வரி தொடர்பாக 2019 டிசம்பரில்தான் முதன்முறையாக வாக்கெடுப்பு நடைபெற்றது.

இழப்பீடு எழுப்பிய சர்ச்சை

வரி விதிக்கும் உரிமையின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த மாநிலங்களுக்கு, ஆண்டுக்கு 14 சதவீத வருவாய் வளர்ச்சி 5 ஆண்டுகளுக்கு உறுதியளிக்கப்பட்டது. கரோனா காலத்தில் வருவாய் சரிந்ததால், இழப்பீட்டு செஸ் வசூல் போதவில்லை. பற்றாக்குறைக்காக மாநிலங்களே கடன் வாங்கலாம் என்ற யோசனைக்குப் பல மாநிலங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. இறுதியில் மத்திய அரசே கடன் பெற்று, 2020-21-இல் ரூ.1.10 லட்சம் கோடியும், 2021-22-இல் ரூ.1.59 லட்சம் கோடியும் மாநிலங்களுக்கு வழங்கியது. இழப்பீட்டுக் காலம் 2022 ஜூனில் முடிந்த பிறகும், இக்கடனை அடைப்பதற்காக செஸ் வசூல் நீட்டிக்கப்பட்டது.

உச்சநீதிமன்றத் தீர்ப்பு

கவுன்சிலின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையும் சட்டப்பேரவைகளையும் கட்டுப்படுத்தாது. அவற்றுக்கு அறிவுறுத்தும் மதிப்பு மட்டுமே உண்டு என 2022, மே 19-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், ஒரு மாநிலம் தனி வழியில் சென்றால் நாடு முழுவதற்கும் ஒரே சந்தை என்ற நோக்கம் பாதிக்கப்படும் என்பதால், கவுன்சிலின் முடிவுகளையே அரசுகள் பின்பற்றி வருகின்றன.

2025 செப்டம்பரில் வரி அடுக்குகள் 5 மற்றும் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டன. சில பொருள்களுக்கு மட்டும் 40 சதவீத வரி நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முன்பே, வருவாய் இழப்பை ஈடுகட்ட வேண்டும் என தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் உள்ளிட்ட எதிர்க்கட்சிகள் ஆளும் மாநிலங்கள் வலியுறுத்தின. விகிதக் குறைப்பை அவை ஏற்றபோதிலும், மாநிலங்களின் வருவாய்க்கு உத்தரவாதம் யார் என்ற கேள்வி நீடிக்கிறது. பெட்ரோல், டீசல் ஆகியவை இன்றளவும் ஜிஎஸ்டி வரம்புக்கு வெளியே இருப்பதற்கும் இக்கேள்வியே முக்கியக் காரணம்.