டிஷ் பூட்ட முன்னர் வானத்தைப் பார்ப்போம்

செய்மதித் தொலைக்காட்சி இணைப்பு எடுப்பதென்று ஒரு வீட்டில் முடிவானால் முதலில் விசாரிப்பது விலை. அடுத்தது மாதக் கட்டணம். மூன்றாவது, எந்தெந்த அலைவரிசைகள் வரும் என்பது. டிஷ்ஷை எங்கே பூட்டுவது என்ற கேள்வி, பூட்டுகிறவர் ஏணியோடு வாசலில் வந்து நின்ற பிறகுதான் எழுகிறது. ஆனால் படம் வருவதும் வராததும் இந்த நாலாவது கேள்வியில்தான் தங்கியிருக்கிறது. அதற்கு விடை காணப் பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை. சாதாரண தரத்தில் நாம் படிக்கும் திரிகோணகணிதமும் ஒரு பாகைமானியும் போதும். கிளிநொச்சி மாவட்டம் நாச்சிக்குடாவில் இருக்கும் என் மாமியின் வீட்டுக்காக இதைக் கணக்குப் பார்த்தேன். அதை வைத்துக்கொண்டே விளக்குகிறேன்.

முதலில், செய்மதி எங்கே இருக்கிறது? பூமத்திய கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால், பூமி தன்னைத்தான் ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் அதுவும் ஒரு சுற்றை முடிக்கும். ஆகவே நம் கண்ணுக்கு அது வானத்தில் ஓரிடத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கும். இப்படி மூன்று செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் தொடர்பு கொடுக்கலாம் என்று 1945 ஒக்டோபரில் 'வயர்லஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். பின்னர் 1956 இலிருந்து இலங்கையையே தன் வீடாக்கிக்கொண்டவர் அவர். 1975 இல் இந்தியா தன் கிராமங்களுக்குச் செய்மதி மூலம் தொலைக்காட்சி காட்டும் பரிசோதனையைத் தொடங்கியபோது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கொழும்பில் கிளார்க்கின் வீட்டிலும் ஒரு டிஷ்ஷைப் பூட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் டிஷ் வைத்துப் படம் பார்ப்பதில் நமது நாடு உலகத்துக்கே முந்திக்கொண்டது என்று சொன்னால் அதில் பொய் அதிகமில்லை.

இன்று நம் ஊர்களில் அதிகம் காணப்படுவது டயலொக் தொலைக்காட்சியின் டிஷ். அதற்கு ஒளிபரப்பு வருவது 45 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு மேல் நிற்கும் இன்டெல்சாட் 38 என்ற செய்மதியிலிருந்து. 2018 செப்ரெம்பரில் ஏவப்பட்டது அது. கிளிநொச்சி இருப்பது ஏறத்தாழ 80.4 பாகை கிழக்கில். ஆகவே செய்மதி நமக்கு மேற்குத் திசையில், கிழக்கு ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் கடலுக்கு மேலே நிற்கிறது. கணக்குப் போட்டால் கிளிநொச்சியிலிருந்து அதன் திசைகோள் 257 பாகை, அதாவது நேர் மேற்கிலிருந்து 13 பாகை தெற்குப் பக்கம். ஏற்றக்கோணம் 48 பாகை. மாவட்டத்தில் எங்கு நின்று பார்த்தாலும் இந்த எண்கள் ஒரு பாகைக்கு மேல் மாறாது. நேர்க்கோட்டில் அளந்தால் தூரம் சுமார் 37,200 கிலோமீற்றர்.

அடுத்த வீட்டு டிஷ் பார்க்கும் பக்கமே நம்முடையதும் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர். அது அதே சேவையாக இருந்தால் சரி. இந்தியச் சேவைகள் பலவற்றின் செய்மதிகள் 83 பாகைக்கும் 95 பாகைக்கும் இடையில், நமக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் கிட்டத்தட்டத் தலைக்கு மேலே நிற்பவை. அந்த டிஷ்களைப் பார்த்து நம் டிஷ்ஷுக்கு இடம் தேடினால் வீட்டின் தவறான பக்கத்தில் போய் நிற்போம்.

இன்னொரு பழக்கமும் நம்மைக் குழப்புகிறது. அது அன்ரனாக் காலத்துப் பழக்கம். தரைவழி ஒளிபரப்பு ஒரு கோபுரத்திலிருந்து நிலத்தோடு நிலமாக வருகிறது. 1990 இல் அழிந்துபோன கொக்காவில் கோபுரம் 174 மீற்றர் உயரத்தில் மீண்டும் கட்டப்பட்டு 2011 ஜூனில் திறக்கப்பட்டது அதற்காகத்தான். அந்த ஒளிபரப்பைப் பிடிக்க எவ்வளவு உயரமாக அன்ரனாவைத் தூக்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, ஒருவர் கம்பத்தைத் திருப்ப, மற்றவர் உள்ளேயிருந்து "வந்திட்டு, வந்திட்டு, ஐயோ போயிட்டு" என்று கத்திய காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டிஷ்ஷுக்கு அந்த உயரம் வேண்டாம். 37,000 கிலோமீற்றர் வருகிற அலைக்கு நம் கூரையின் பத்தடி ஒரு பொருட்டல்ல. வேண்டியது ஒன்றுதான்: டிஷ்ஷுக்கும் வானத்தின் அந்த ஒரு புள்ளிக்கும் இடையில் மரமோ சுவரோ தண்ணீர்த் தாங்கியோ நிற்கக் கூடாது.

இங்கேதான் மாமி வீட்டுப் பனை வருகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்களும் நாச்சிக்குடாவை விட்டுப் புத்தளம் போனவர்கள். யுத்தம் முடிந்து காணியைப் பார்க்க வந்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை. பற்றை மண்டிக் கிடந்த நிலத்தில் தங்கள் காணி எது என்று மாமாவுக்கு அடையாளம் காட்டியது மேற்கு எல்லையில் நின்ற ஒற்றைப் பனைதான். சுற்றியிருந்த பனைகள் ஷெல்லிலும் பதுங்குகுழிக்கு வெட்டியதிலும் போய்விட்டன. இது மட்டும் நின்றது. இப்போது கட்டியிருக்கும் சிறிய வீட்டின் மேற்குச் சுவரிலிருந்து அது 16 மீற்றர் தள்ளி நிற்கிறது.

டிஷ்ஷை மேற்குச் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில் பூட்டுவதென்று நானா இடம் பார்த்திருந்தார். அயலில் ஏற்கனவே டிஷ் வைத்திருந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இந்தப் பனைய வெட்டாம உங்களுக்குப் படம் வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். மரம் வெட்டுபவரிடம் கூலியும் பேசியாயிற்று. மாமி மட்டும், "நீ கணக்குப் படிக்கிற புள்ளதானே, அளந்து சொல்லு மகள்" என்றார்.

அளப்பதற்கு நான் செய்த கருவி கணித பாடத்தில் எல்லோரும் செய்யும் சாய்வுமானிதான். பாகைமானியின் நேர்விளிம்பில் ஒரு குளிர்பானக் குழாயை ஒட்டி, நடுப்புள்ளியில் நூல் கட்டி, நூலின் நுனியில் ஒரு கல். குழாய் வழியாக மரத்தின் உச்சியைப் பார்க்கும்போது நூல் காட்டும் எண்ணை 90 இலிருந்து கழித்தால் ஏற்றக்கோணம். நானா குறித்த இடத்தில் நின்று பார்த்தேன். வட்டு 48 பாகையை ஒட்டி நின்றது. அயலவர் சொன்னது அந்த இடத்தைப் பொறுத்தவரை சரி.

ஆனால் செய்மதியிலிருந்து ஒரு டிஷ்ஷுக்கு வரும் அலை, டிஷ்ஷின் அகலமுள்ள ஒரு குழாய் போன்றது. டிஷ் அறுபது சதமமீற்றர் என்றால் குழாயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பனையின் வட்டு பரந்து விரிந்தாலும் ஐந்தாறு மீற்றருக்கு மேல் போகாது. நடுவிலிருந்து ஒரு பக்கம் மூன்று மீற்றர் விலகினால் போதும். ஆகவே மரத்தை அகற்றத் தேவையில்லை, டிஷ்ஷை அகற்றினால் போதும். அதே சுவரின் தெற்கு மூலைக்கு, நாலு மீற்றர் தள்ளிப் போய் அங்கிருந்து 257 பாகைத் திசையில் பார்த்தேன். பனை வலப்பக்கம் ஒதுங்கிவிட்டது. நேரே வெறும் வானம். மேலதிகமாக நாலு மீற்றர் கேபிள் வயரோடு காரியம் முடிந்தது. பனை நிற்கிறது. (பெண்பனையை வெட்டுவதற்குச் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறோம். பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் அப்படியே.)

பல வீடுகளில் மரங்கள் வீணாக வெட்டப்படுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது டிஷ்ஷின் தோற்றம். பழைய பெரிய டிஷ்களில் அலையை வாங்கும் பகுதி தட்டின் நடுவுக்கு நேரே இருக்கும். இப்போதைய சிறிய டிஷ்களில் அது கீழ்ப்பக்கமாக ஒரு கையில் நீட்டிக்கொண்டிருக்கும். எல்என்பி என்று அதைச் சொல்வார்கள். அதற்கு ஏற்றபடி தட்டும் சரிந்து வெட்டப்பட்டிருப்பதால், தட்டு பார்ப்பதுபோல் தோன்றும் திசைக்கு 25 பாகையளவு மேலிருந்துதான் உண்மையில் அலை வருகிறது. 48 பாகையில் இருக்கும் செய்மதியைப் பிடிக்கும் டிஷ், பார்ப்பவர் கண்ணுக்கு 23 பாகையில் வேலியோரத்து மாமரத்தையே முறைத்துப் பார்ப்பதுபோல் நிற்கும். "மரம் மறைக்குது" என்று உடனே கோடரியைத் தேடுகிறோம். அலையோ மாமரத்தின் தலைக்கு மேலால் வந்துகொண்டிருக்கும்.

சாய்வுமானி செய்யப் பொறுமை இல்லாதவர்கள் கணிதக் கருவிப் பெட்டியில் இருக்கும் 45 பாகை மூலைமட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிஷ் வரப்போகும் இடத்தில் அதன் ஒரு பக்கத்தை மட்டமாகப் பிடித்து, சாய்ந்த பக்கத்தோடு கண்ணை ஓட்டுங்கள். மேற்கு-தென்மேற்கில் உள்ள எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. இன்னும் இலகுவாக ஒரு வழி உண்டு. மார்ச் நடுப்பகுதியிலும் செப்ரெம்பர் கடைசியிலும் சில நாட்கள், பிற்பகல் 3 மணியளவில், சூரியன் சரியாக அந்தச் செய்மதி நிற்கும் இடத்தைக் கடந்து போகிறது. அந்த நேரத்தில் நீங்கள் நினைத்த இடத்தில் முழு வெயில் விழுந்தால் படமும் வரும். மர நிழல் விழுந்தால் வராது. அதே நாட்களில், ஏற்கனவே டிஷ் உள்ள வீடுகளில் சில நிமிடம் படம் தடுமாறுவதும் இதனால்தான். டிஷ் பழுதாகிவிட்டதென்று யாரையும் கூப்பிட வேண்டாம்.

திசை பார்க்கக் கைபேசியில் உள்ள திசைகாட்டி போதும். இலங்கையில் காந்த வடக்குக்கும் மெய்வடக்குக்கும் வேறுபாடு இரண்டு பாகையளவுதான். ஆனால் தகரக் கூரைக்கும் இரும்புக் கதவுக்கும் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள். முற்றத்துக்கு வந்து பாருங்கள். இன்றைக்கு இடுப்பளவில் நிற்கும் முருங்கை இரண்டு வருடத்தில் எங்கே நிற்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இடம் கிடைத்தால் அடுத்தது பிடிப்பு. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை வன்னியில் வீசும் சோழகக் காற்றை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது தென்மேற்கிலிருந்து வருகிறது, நம் டிஷ்ஷும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் முகம் கொடுத்து நிற்கிறது. பாய்மரம் காற்றை வாங்குவதுபோல் வாங்கும். ஒரு பாகை, இரண்டு பாகை அசைந்தாலே படம் போய்விடும். ஆகவே பூச்சு மட்டும் உள்ள இடத்தில் ஆணி வைக்காமல் கொங்கிரீற் வளையம் அல்லது நல்ல கல்லுக்கட்டு உள்ள இடத்தைக் காட்டுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற் கூரையில் துளை போட விடவே வேண்டாம். ஒழுக்கு ஒரு பக்கம் இருக்க, அந்தத் தூசு சுவாசத்துக்குக் கெடுதல். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று சாதாரண இரும்பாணியை இரண்டு மழைக்குள் தின்றுவிடும். துத்தநாகப் பூச்சுள்ள பைப்பும் துருப்பிடிக்காத ஆணியும் கேட்டு வாங்குங்கள். சுவரில் இடமில்லாமல் முற்றத்தில் குழி தோண்டிப் பைப் நடுவதானால், கண்ணிவெடி அகற்றி முடித்த காணிதானா என்பதை உறுதி செய்த பிறகே மண்வெட்டியைப் போடுங்கள். ஏதும் அந்நியமான பொருள் தட்டுப்பட்டால் தொடாமல் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

தொலைக்காட்சிப் பெட்டி எந்த அறையில், எந்தச் சுவரோரம், பிளக் எங்கே, வயர் எந்தத் துளையால் உள்ளே வரும் என்பதையும் முதல்நாளே தீர்மானித்துச் சுவரில் கரியால் கீறி வையுங்கள். பல வீடுகளில் பூட்டுகிறவர் வரும் நேரம் ஆண்கள் கடலிலோ வயலிலோ இருப்பார்கள். அடையாளம் இருந்தால் அந்நிய ஆள் ஒவ்வோர் அறையாக நுழைந்து பார்க்க வேண்டியதில்லை, வேலையும் அரை மணித்தியாலம் குறையும். வயர் துளைக்குள் நுழையுமுன் ஒரு கை கீழே தொங்கி மேலேறட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டி நின்றுவிடும், வயரோடு வழிந்து பெட்டிக்குள் போகாது. நடுவில் ஒட்டுப் போட்ட வயர் வேண்டாம். ஒரே நீளமாகக் கேளுங்கள்.

மாரியில் படம் நிற்பது பற்றிப் பலருக்கும் மனக்குறை. இந்த அலையின் நீளம் இரண்டரைச் சதமமீற்றர்தான். கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. மழை நம் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. 48 பாகைச் சாய்வில் வரும் அலை, நாலைந்து கிலோமீற்றர் மேற்கே உள்ள மழை முகிலை ஊடறுத்துத்தான் நம் வீட்டுக்கு வருகிறது. ஆகவே முற்றத்தில் வெயில் எறிக்கும்போதே படம் நிற்கலாம். கொஞ்சம் பெரிய டிஷ் கிடைக்குமானால் அதற்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி கூட. இல்லாவிட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருப்பதுதான் வழி. அந்த நேரத்தில் ஏறி டிஷ்ஷைத் திருப்பினால், மழை விட்ட பிறகும் படம் வராது.

மின்னல் வேறு கதை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரங்களில் இடி குமுறத் தொடங்கினால் சுவிச்சை மட்டும் நிறுத்துவது போதாது. மின்சார பிளக்கைக் கழற்றுங்கள், டிஷ்ஷிலிருந்து வரும் வயரையும் பெட்டியின் பின்புறத்திலிருந்து திருகிக் கழற்றி அப்பால் வையுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு அதைத் தொடப் போக வேண்டாம், தூரத்தில் முழங்கும்போதே செய்துவிடுங்கள். டிஷ் கம்பத்துக்குச் செப்புக் கம்பியால் புவித்தொடுப்பு கொடுக்கச் சொல்லிப் பூட்டுகிற அன்றே கேளுங்கள். கேட்காவிட்டால் அனேகமாகச் செய்யமாட்டார்கள்.